ஃபிரிட்ஜ் குளிரவில்லையா? கேஸ் ஏற்றும் முன் பனியைப் பாருங்கள்

மேலே ஃபிரீசரில் வைத்த மீன் கல்லாகக் கிடக்கிறது. கீழே வைத்த பால் காலையில் திரிந்துபோகிறது. கம்ப்ரசர் இரவு பகலாக ஓய்வில்லாமல் ஓடுகிறது. இப்படி ஒரு புகாரைச் சொன்னால் ராமேஸ்வரத்தில் இருந்து தொண்டி வரை எங்கே கேட்டாலும் முதலில் வரும் பதில், "கேஸ் போயிருக்கும், ஏத்தணும்" என்பதுதான். போயிருக்கவும் கூடும். உப்புக்காற்று அரித்து ஃபிரிட்ஜின் குழாயில் ஓட்டை விழுவது கடலோரத்தில் நடக்காத கதை இல்லை. ஆனால் மேலே சொன்ன மூன்றும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது, பனியைத் தானாக உருக்கும் டிஃப்ராஸ்ட் அமைப்பைத்தான். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு ஸ்க்ரூ டிரைவர், சாதாரண மல்டிமீட்டர், ஒரு நாள் பொறுமை, இவ்வளவு போதும்.

ஃபிரிட்ஜில் இருக்கும் கேஸ் அடுப்பு கேஸைப் போல எரிந்து தீருவது அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. எங்காவது கசிந்தால் மட்டுமே குறையும். ஆகவே "அஞ்சு வருஷம் ஆச்சு, கேஸ் தீர்ந்திருக்கும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

முதலில் உங்கள் ஃபிரிட்ஜ் எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் பெரும்பாலும் டைரக்ட் கூல் வகை. அதில் ஐஸ் படிவது இயல்பு. கால் அங்குலம் படிந்ததும் தெர்மோஸ்டாட் குமிழின் நடுவில் உள்ள பட்டனை நாமே அழுத்தி உருக்க வேண்டும். உருகி முடிந்ததும் பட்டன் தானாக வெளியே வந்துவிடும். அங்கே பழுது என்று பெரிதாக எதுவும் இல்லை. இந்தக் கட்டுரை பேசுவது இரட்டைக் கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையைப் பற்றி. அதில் ஃபிரீசர் சுவரில் பனி கண்ணில் படவே கூடாது. பட்டால் உள்ளே ஏதோ வேலை செய்யவில்லை என்று பொருள்.

பனி எங்கிருந்து வருகிறது

ஃபிரீசரின் பின்சுவராகத் தெரிகிற பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால்தான் "காயில்" என்கிற குளிரூட்டும் சுருள்குழாய் இருக்கிறது. அலுமினியக் குழாய், அதன்மேல் நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தகடுகள். கம்ப்ரசர் ஓடும்போது இது பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் இறங்கும். பக்கத்தில் ஒரு சின்ன ஃபேன் இருக்கும். அது அந்தத் தகடுகளின் இடுக்கு வழியாகக் காற்றை இழுத்து, பெரும்பங்கை ஃபிரீசருக்குள் ஊதும். மிச்சத்தை ஒரு குழல் வழியாகக் கீழ் அறைக்கு அனுப்பும். பெரும்பாலான மாடல்களில் கீழ் அறைக்கென்று தனிக் காயில் கிடையாது. மேலிருந்து வரும் காற்றை நம்பித்தான் பாலும் காய்கறியும் அங்கே உட்கார்ந்திருக்கின்றன.

கதவைத் திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று உள்ளே போகிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைச் சுமக்கும். நம் ஊரில் ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 22, 23 கிராம். 250 லிட்டர் ஃபிரிட்ஜ் என்பது கால் கனமீட்டர். ஒருமுறை திறந்து உள்ளே இருந்த காற்று முழுவதும் மாறினால் 5 கிராமுக்கு மேல் தண்ணீர் உள்ளே போகிறது. பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கதவு திறக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாம்பன் தீவில் வாடை, கொண்டல், கச்சான் என்று எந்தக் காற்று அடித்தாலும் அது கடலைத் தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் கேட்கவே வேண்டாம். இந்த ஈரம் அத்தனையும் அந்தக் காயிலின் தகடுகளில் பனியாக ஒட்டிக்கொள்கிறது.

ஒட்டிய பனி இரண்டு கெடுதல் செய்கிறது. ஐஸ் பாரை மரத்தூளில் பொதித்து வைத்தால் வெளிச்சூடு உள்ளே போகாமல் தடுக்கிறது அல்லவா, அதுபோல பொருபொருவென்று காற்றை அடக்கிய பனி காயிலின் குளிரை உள்ளேயே அடைத்துவிடுகிறது. அது முதல் கெடுதல். இரண்டாவதுதான் மோசமானது. தகடுகளின் இடுக்கு அடைபட்டால் ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் காற்று நகராது. காயிலை ஒட்டியிருக்கும் ஃபிரீசர் இன்னும் சில நாள் தாக்குப்பிடிக்கும். காற்றை மட்டுமே நம்பிய கீழ் அறைதான் முதலில் சூடாகும். மீன் கல்லாகவும் பால் கெட்டும் இருக்கிற மர்மம் இவ்வளவுதான். கீழே குளிர் வராததால் தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நிறுத்துவதே இல்லை. 120 வாட் எடுக்கும் கம்ப்ரசர் 24 மணி நேரமும் ஓடினால் நாளைக்கு ஏறக்குறைய 2.9 யூனிட். கரண்ட் பில் ஏறிய பிறகுதான் பல வீடுகளில் இந்தப் பழுது தெரியவருகிறது.

இதைத் தடுக்கத்தான் டிஃப்ராஸ்ட் அமைப்பு. கம்ப்ரசர் 6 முதல் 12 மணி நேரம் வரை ஓடிய பிறகு டைமர் அதை நிறுத்திவிட்டு, காயிலுக்கு அடியில் உள்ள ஹீட்டருக்குக் கரண்ட் கொடுக்கும். பனி உருகும். காயில் பூஜ்யத்தைத் தாண்டிக் கிட்டத்தட்ட 10 டிகிரிக்குச் சூடானதும் பைமெட்டல் என்கிற சின்ன வட்டச் சுவிட்ச் ஹீட்டரை அணைத்துவிடும். 20, 30 நிமிடத்தில் டைமர் மறுபடி கம்ப்ரசருக்கு மாறிக்கொள்ளும். உருகிய தண்ணீர் ஒரு ஓட்டை வழியாக வடிந்து, பின்புறம் கம்ப்ரசர் மேல் உள்ள தட்டில் விழுந்து, அதன் சூட்டிலேயே ஆவியாகும். பைமெட்டல் ஒட்டிக்கொண்டு ஹீட்டரை அணைக்காமல் விட்டால் காப்பாற்ற ஒரு தெர்மல் ஃபியூஸும் உண்டு. 70 டிகிரிக்கு மேல் போனால் அது அறுந்துவிடும். அறுந்தது மறுபடி சேராது.

இந்த நால்வரும் ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்தவர்கள். டைமர், ஹீட்டர், பைமெட்டல், ஃபியூஸ் ஆகியவற்றில் ஒருவர் மட்டும் கைவிட்டாலும் பனி உருகாது. நம் வேலை அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பது.

ஒரு நாள் உருகவிடுங்கள்

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு கதவையும் திறந்து 24 மணி நேரம் விடுங்கள். மீனைத் தெர்மாகோல் பெட்டியில் உடைத்த ஐஸோடு வைத்துவிடலாம், நம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. தரையில் பழந்துணி விரியுங்கள். பின்புறத் தட்டு நிரம்பி வழியும், அதையும் கவனியுங்கள். ஒரு டேபிள் ஃபேனை எதிரில் வைத்தால் வேகமாக உருகும். வெளியே தெரியும் பனி மூன்று மணி நேரத்தில் போய்விடும். பலகைக்குப் பின்னால் உள்ளது போக நேரமாகும், ஆகவே அவசரப்பட்டுப் பிளக்கைப் போடாதீர்கள்.

கத்தி, ஸ்க்ரூ டிரைவர், தேங்காய் துருவியின் முனை, எதையும் ஐஸில் குத்தக் கூடாது. அந்த அலுமினியக் குழாய் மெல்லியது. ஒரு குத்து போதும், இல்லாத கேஸ் பிரச்சினையை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். அதோடு இப்போது வரும் பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் உள்ளது ஆர்600ஏ என்னும் ஐசோபியூட்டேன். எளிதில் தீப்பிடிக்கும் வாயு. மெழுகுவத்தி, ஸ்டவ் என்று நெருப்பைப் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம்.

உருகி முடிந்ததும் ஓடவிட்டுப் பாருங்கள். மேலும் கீழும் நன்றாகக் குளிர்ந்து, நான்கைந்து நாளோ ஒரு வாரமோ கழித்துப் பழைய கதை திரும்பினால் டிஃப்ராஸ்ட் பழுது உறுதி. மாதக்கணக்கில் திரும்பவில்லை என்றால் யாரோ ஒருநாள் கதவைச் சரியாக மூடாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். உருக்கிய பிறகும் குளிரவே இல்லை என்றால் மட்டும் கேஸ், கம்ப்ரசர், உள் ஃபேன் என்று யோசிக்க வேண்டும். ஃபேனைச் சோதிக்க, கம்ப்ரசர் ஓடும்போது கதவுச் சுவிட்சை விரலால் அழுத்தியபடி காதைக் கொடுத்தால் போதும். சத்தம் கேட்க வேண்டும். உருக்குவதற்கு முன்பு கரகரவென்று உரசும் சத்தம் வந்திருந்தால் அது இறக்கைகள் பனியில் இடித்த சத்தம்.

கதவு ரப்பரையும் இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் பிடிப்புத் தெரிய வேண்டும். உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்றுப் போகிறது. கடலோர வீடுகளில் ரப்பர் மடிப்புக்குள் உப்பும் அழுக்கும் பிசுபிசுப்பாகச் சேரும், சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே பாதி வீடுகளில் சரியாகிவிடும்.

பலகைக்குப் பின்னால்

பனி திரும்ப வந்தது, டிஃப்ராஸ்ட்தான் என்று முடிவாகிவிட்டது. சரி, இனி பலகையைக் கழற்ற வேண்டும். முழுதாக உருக்குவதற்கு முன் கழற்றிப் பார்ப்பதுதான் நல்லது, ஏனென்றால் பனி படிந்திருக்கும் விதமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஆனால் பலகை பனியோடு ஒட்டியிருந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், உடைந்துவிடும். முகப்புப் பனி இளகும் வரை காத்திருங்கள்.

பிளக்கைப் பிடுங்குவது எல்லாவற்றுக்கும் முதல் வேலை. சுவிட்சை அணைத்தால் போதாது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். ஃபிரீசர் தட்டுகளை எடுத்ததும் பலகையில் சின்ன பிளாஸ்டிக் மூடிகள் தெரியும், அவற்றுக்கு அடியில் ஸ்க்ரூ இருக்கும். பலகையை மெதுவாக முன்னே சாய்த்தால் ஃபேனுக்குப் போகும் கனெக்டர் வரும், அதைப் பிரித்துவிட்டு எடுக்க வேண்டும். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயரின் நிறத்தை நம்பக் கூடாது, அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இப்போது காயிலைப் பாருங்கள். அடி முதல் நுனி வரை ஒரே மாதிரி வெள்ளையாகப் பனி மூடியிருந்தால் கேஸ் ஒழுங்காகச் சுற்றுகிறது, உருக்கும் வேலைதான் நடக்கவில்லை. காயிலின் ஒரு முனையில் இரண்டு மூன்று சுற்றில் மட்டும் பனி, மற்ற இடம் வெறுமை என்றால் கேஸ் குறைந்திருக்கிறது. பனியே இல்லை என்றால் கேஸ் முழுதும் போயிருக்கலாம், கம்ப்ரசர் படுத்திருக்கலாம். இந்த ஒரு பார்வைக்காகவே பலகையைக் கழற்றலாம் என்பேன். கேஸ்தான் குறைவு என்று தெரிந்தாலும், ஓட்டையை அடைக்காமல் வெறுமனே ஏற்றினால் அது மறுபடி போய்விடும். மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எங்கே கசிகிறது?" என்பது. கசியும் இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்.

பனி சீராக மூடியிருந்தால் அதை முழுதும் உருக்கிவிட்டு, மீட்டரை எடுப்பதற்கு முன் கண்ணால் ஒருமுறை ஒயர்களைத் தொடருங்கள். மண்டபம் ஊரில் ஒரு வீட்டு ஃபிரிட்ஜில் நான் பார்த்தது இது: ஹீட்டர் நன்றாக இருந்தது, பைமெட்டல் நன்றாக இருந்தது. இரண்டையும் இணைக்கும் வெள்ளை கனெக்டரைப் பிரித்ததும் உள்ளே ஒரு பின் பச்சைக் களிம்பேறி, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. ஹீட்டரை மாற்றியிருந்தால் பணம்தான் போயிருக்கும். கடற்கரையில் கனெக்டர்கள்தான் முதல் குற்றவாளி, பார்ட்ஸ் அப்புறம்.

களிம்பு இல்லையா, மீட்டரில் ஓம், அதாவது மின்தடை அளவை வையுங்கள். ஹீட்டரின் இரண்டு முனையையும் கனெக்டரில் இருந்து பிரித்து அளக்க வேண்டும். என்ன எண் வர வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 230 வோல்ட் ஹீட்டர் என்றால் 52,900-ஐ அதன் வாட்டால் வகுக்கவும். 150 வாட் ஹீட்டருக்கு 350 ஓம் வரும், 200 வாட்டுக்கு 265. வாட் எவ்வளவு என்பது பெரும்பாலும் ஹீட்டர் மேலேயே அச்சாகியிருக்கும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. முள் அசையவே இல்லை, டிஜிட்டல் மீட்டரில் ஓ.எல். என்று காட்டுகிறது என்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது. கண்ணாடிக் குழாய் ஹீட்டராக இருந்தால் உள்ளே கறுத்திருப்பதும் தெரியும்.

ஃபியூஸ் சுலபம். மீட்டரைப் பீப் அடிக்கும் நிலைக்கு மாற்றி அதன் இரு முனையிலும் வைத்தால், சாதாரண வெப்பநிலையில் பீப் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் போய்விட்டது.

பைமெட்டலில்தான் புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். அறை வெப்பத்தில் அது திறந்தே இருக்கும், பீப் வராது. உடனே பழுது என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அது நன்றாகக் குளிர்ந்தால்தான், பூஜ்யத்துக்கும் கீழே போனால்தான் மூடும். வெறும் ஐஸ் தண்ணீர் பூஜ்யத்தோடு நின்றுவிடும், அது பற்றாது. உடைத்த ஐஸில் கைநிறையக் கல்லுப்பைக் கலந்தால் வெப்பநிலை பூஜ்யத்துக்கு எவ்வளவோ கீழே இறங்கும். கோட்பாட்டில் மைனஸ் 21 வரை போகலாம். ஐஸ் கம்பெனியும் உப்பளமும் உள்ள மாவட்டத்தில் இந்தச் சோதனைக்குச் செலவு ஏது. பைமெட்டலை ஒரு பாலிதீன் கவரில் போட்டு, ஒயர் முனைகள் நனையாமல் வெளியே விட்டு, அந்தக் கலவைக்குள் பத்து நிமிடம் புதைத்து வைத்து அளந்து பாருங்கள். "டிக்" என்று மெல்லிய சத்தத்தோடு மூடி, மீட்டர் பீப் அடித்தால் நல்ல சரக்கு. வெளியே எடுத்துச் சூடானதும் மறுபடி திறக்கவும் வேண்டும். எப்போதுமே மூடியிருந்தால் அதுவும் பழுதுதான், அதுவே ஆபத்தான பழுது. ஹீட்டரை அணைக்க ஆள் இல்லாமல் போகிறது.

அதனால் ஃபியூஸ் அறுந்திருப்பதைப் பார்த்தால் அதை மட்டும் மாற்றாதீர்கள். அது ஏன் அறுந்தது? பைமெட்டல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பல மாடல்களில் இரண்டும் நான்கு ஒயருடன் ஒரே செட்டாகக் கிடைக்கும், செட்டாகவே மாற்றுவது உத்தமம். சில மெக்கானிக்குகள் ஃபியூஸை விட்டுவிட்டு இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போவார்கள். ஃபிரிட்ஜும் ஓடும். பிளாஸ்டிக்கால் ஆன ஒரு பெட்டிக்குள், எரியக்கூடிய வாயு ஓடும் குழாய்க்கு அடியில், அணைக்க ஆளில்லாத ஹீட்டர் அது. என் வீட்டில் ஒருவர் அப்படிச் செய்ய வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுவேன்.

மூன்றும் நன்றாக இருந்தால் மிஞ்சுவது டைமர். பழைய மாடல்களில் நான்கு பின் உள்ள ஒரு சின்னப் பெட்டி, கம்ப்ரசர் பக்கத்திலோ மேலே கண்ட்ரோல் பெட்டியிலோ இருக்கும். அதன் நடுவில் ஸ்க்ரூ டிரைவர் நுழையும் காடி உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கடிகாரம் சுற்றும் திசையில் மெல்லத் திருப்பினால் "டக்" என்று விழும். அந்த இடம்தான் டிஃப்ராஸ்ட். எல்லாவற்றையும் மூடிவிட்டு, பைமெட்டல் மூடும் அளவுக்குக் காயில் குளிர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து இதைச் செய்ய வேண்டும். பிளக்கைப் போட்டால் கம்ப்ரசர் ஓடாது, சிறிது நேரத்தில் உள்ளே தண்ணீர் சொட்டும். ஹீட்டர் வேலை செய்கிறது. அரைமணி, முக்கால் மணி நேரத்தில் டைமர் தானாக நகர்ந்து கம்ப்ரசரை ஓட்ட வேண்டும். நகராமல் அங்கேயே நின்றால் அதன் மோட்டார் போய்விட்டது. புது டைமர் விலை அதிகமில்லை, பழையதைக் கையோடு எடுத்துப்போய்ப் பின் வரிசை பார்த்து வாங்க வேண்டும்.

வடிகால் தனிக் கதை. காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது, ஃபிரீசர் தரையில் பலகையாக ஐஸ் இருக்கிறது, ஆனால் காயில் சுத்தமாக இருக்கிறது என்றால் ஹீட்டரைக் குறை சொல்ல வேண்டாம். ஓட்டை அடைத்திருக்கிறது. ஊசியில்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை அடியுங்கள். போகவில்லை என்றால் தடித்த தூண்டில் நரம்பை விட்டு மெல்லக் குடையலாம். கம்பி வேண்டாம். மீன் செதில் அடைத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன், கவரைச் சரியாகக் கட்டாமல் வைப்பதன் பலன்.

இன்னொரு அறிகுறி, இதை ஃபிரிட்ஜோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை: கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வீட்டில் நாளைக்கு ஒன்றிரண்டு முறை காரணமே இல்லாமல் விழுவது. ஹீட்டரின் உறைக்குள் ஈரம் இறங்கியிருந்தால், டிஃப்ராஸ்ட் தொடங்கும் நேரத்தில் மட்டும் எர்த்துக்குக் கரண்ட் கசியும். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிய நாளில் அது விழாமல் இருந்தால் ஹீட்டரை மாற்றுங்கள். ஆர்.சி.சி.பி.-யை மாற்றாதீர்கள்.

கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் மாடல் ஃபிரிட்ஜ்களில் டைமர் கிடையாது. எலக்ட்ரானிக் போர்டுதான் கணக்குப் போடுகிறது. பைமெட்டலுக்குப் பதில் ஒரு சென்சார் இருக்கும். அதைப் பிரித்து மீட்டரில் வைத்து உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் ஓம் எண் சீராக இறங்க வேண்டும், ஐஸில் வைத்தால் ஏற வேண்டும். அசையாமல் நின்றால் சென்சார் போய்விட்டது. ஹீட்டர், ஃபியூஸ், சென்சார், கனெக்டர் எல்லாம் நன்றாக இருந்தால் போர்டு. அங்கே கை வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். போர்டுக்குள் பல்லி விழுந்து கருகியிருப்பதும் நம் ஊரில் சாதாரணம், அதையும் மெக்கானிக்கே பார்க்கட்டும். அவருக்குப் போன் செய்யும்போது "குளிரவில்லை" என்று மட்டும் சொல்லாமல், "காயில் முழுக்கப் பனி இருக்கிறது, ஹீட்டர் இத்தனை ஓம் காட்டுகிறது, ஃபியூஸ் நன்றாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். உள்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணையும் சேர்த்துச் சொன்னால், ராமநாதபுரத்தில் இருந்து கிளம்பும்போதே சரியான பார்ட்டை எடுத்துக்கொண்டு வருவார்.